மூன்று இல்லங்களுக்குப் பதிலாக ஒரு வாடகை வீடு: மனநோயால் வீடிழந்த குடும்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள ஒரு பேரூராட்சியில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். தாய்க்கும் மகளுக்கும் முழுவதையும் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். மனநோயால் வீடிழந்த குடும்பங்களுடன் வேலை செய்கிற மற்றவர்களுக்கு இதில் பயன்படும் செய்திகள் இருப்பதாக நினைக்கிறேன்.

பின்னணி

தாய்க்கு அறுபதை ஒட்டிய வயது. மகளுக்கு 32. மகளின் பையன் அப்போது நான்காம் வகுப்பு. பையன் பாட்டியை அம்மாச்சி என்று கூப்பிடுவான். இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

அம்மாச்சியின் கணவர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் ஓட்டு வீடு கட்டிக் குடியிருந்தார்கள். டெல்டாவில் தெருத் தெருவாக இப்படித்தான்: கட்டடம் குடியிருப்பவருடையது, மண் கோயிலுடையது அல்லது மடத்துடையது. அடிமனை வாடகை கட்டினால் ரசீது கிடைக்கும், பட்டா கிடைக்காது. கணவர் இறந்தபின் வாடகைதாரர் பெயரை வாரிசுக்கு மாற்ற யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாக்கி சேர்ந்தது. மூத்த மகன் ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வீட்டை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்து, கிடைத்த பணத்தோடு திருப்பூர் போய்விட்டார். அந்தத் தாளில் அம்மாச்சி கைநாட்டு வைத்திருக்கிறார். எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு நோய் தொடங்கியது. தூக்கம் போனது. குழந்தைக்குப் பாலில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே கணவர் விட்டுவிட்டுப் போனார். அம்மாச்சி மகளைக் குணசீலத்துக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம், 48 நாள், கோயிலிலேயே தங்கியிருந்தார். இந்தப் பக்கத்தில் மனநிலை சரியில்லாதவர்களை முதலில் கூட்டிப்போகும் இடம் அதுதான். அங்கே இருந்தவரை மகள் ஓரளவு அமைதியாக இருந்தாராம். அப்புறம் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லி மாத்திரை எழுதினார். சில மாதம் சாப்பிட்டதில் நன்றாகத் தெளிந்தார். தெளிந்ததும், பஸ் காசுக்கும் வழியில்லாமல் போனதும் சேர்ந்து மாத்திரை நின்றது.

அடிமனை வீடு போனபின் வாடகை வீடுகள். எந்த வீட்டிலும் ஒரு வருஷம் முழுதாக இருக்க முடியவில்லை. நடவு, களை எடுப்பு என்று அம்மாச்சி சம்பாதித்து வாடகையைச் சரியாகக் கொடுத்துவந்தார். மகள் ராத்திரியில் சத்தம் போடுகிறார் என்பதுதான் ஒவ்வொரு இடத்திலும் சொன்ன காரணம். கடைசி வீட்டைக் காலி செய்தது 2023 ஆவணியில். அதன்பின் பகலில் கோயில் வெளி மண்டபம், ராத்திரியில் பஸ் ஸ்டாண்டு.

எப்படித் தெரிய வந்தது, என்ன கண்டோம்

இப்படிப்பட்ட குடும்பங்களுடன் வேலை செய்யும் எங்கள் அமைப்பைப் பையனின் பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டார். பையன் ஒருநாளும் லீவு போடவில்லை. காலை உணவுத் திட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பான். ஆனால் சட்டை துவைப்பது நின்றுபோயிருந்தது, வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினான். விசாரித்தபோது, "பஸ் ஸ்டாண்டுல லைட்ட அணைக்க மாட்டாங்க டீச்சர்" என்றானாம்.

மகள் சேலைக்கு மேல் சேலையாகக் கட்டி, துணி மூட்டைகளை இடுப்பில் முடிந்திருந்தார். தனக்குள் பேசிக்கொண்டும், நடுவில் காதைப் பொத்திக்கொண்டும் இருந்தார். காலில் ஆறாத புண், ரத்தசோகையின் வெளிறல். நாங்கள் கொடுத்ததை வாங்கவில்லை. கோயில் அன்னதானத்தில் மட்டும், அதுவும் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறுவதைப் பார்த்துவிட்டே சாப்பிட்டார்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இவர் உடனே எங்காவது சேர்க்கப்பட வேண்டியவர் என்றே எழுதியிருப்போம். சாயங்காலம் பள்ளி விட்டதும் வேறொன்றைப் பார்த்தோம். பையன் வந்ததும் மகள் மூட்டையிலிருந்து சீப்பை எடுத்து அவனுக்குத் தலை வாரினார். அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்ல, தப்பு வந்த இடத்தில் திருத்தினார். அந்த ஒரு மணி நேரம் அவர் காதைப் பொத்தவில்லை. எங்கள் குறிப்பேட்டில் இதை நோய்க்குறிகளுக்கு மேலே எழுதினோம். பின்னால் எடுத்த எல்லா முடிவுகளும் இந்தக் குறிப்பை ஒட்டித்தான்.

அந்த மூவரில் மிகவும் ஆபத்தான நிலையில் இருந்தவர் அம்மாச்சி. "ராத்திரி பெஞ்சுல உக்காந்தா பால் வண்டி வர்ற வரைக்கும் கண்ண மூட மாட்டேன்மா. இவ எந்திரிச்சுப் போயிடுவா, இல்ல எவனாச்சும் வந்துடுவான்" என்றார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கி ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு கண்ணில் புரை. பழைய முகவரியில் ரேஷன் கார்டு, ஆதார், தஞ்சாவூர் மருந்துச் சீட்டு, கணவர் கட்டிய அடிமனை ரசீதுகள் என எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் நனையாமல் வைத்திருந்தார்.

மூன்று பேரை மூன்று இடத்துக்கு அனுப்பும் யோசனை

பேசிய இடமெல்லாம் உதவ முன்வந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் வைத்திருந்தார்கள். மகளை ஒரு மனநலக் காப்பகம் எடுத்துக்கொள்ளும். அம்மாச்சிக்கு முதியோர் இல்லம். பையனுக்குக் குழந்தைகள் இல்லம். மூன்றும் மூன்று ஊரில். நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடம் என்றொரு ஏற்பாடு உண்டு. 1 லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று என்பது அதன் கணக்கு. டெல்டா என்பது சின்னச் சின்ன ஊர்களின் தொடர். அந்தக் கணக்குக்குள் இந்த மாதிரிப் பேரூராட்சிகள் வருவதே இல்லை. பக்கத்து நகரத்தில் இருந்த தங்குமிடம் பெண்களுக்கானது; மனநோய் உள்ளவரைச் சேர்க்கத் தயங்கியது.

அம்மாச்சி காப்பகம் என்ற பேச்சை எடுத்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "சங்கிலி போட்டு வச்சு எரிச்சாங்களே, அதுமாதிரி எடமா?" என்று கேட்டார். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை இந்தத் தலைமுறைத் தாய்மார்கள் மறக்கவில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்திருக்கிறது என்று விளக்கினோம். கேட்டுக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

பிரிக்கக் கூடாது என்பதற்கு அன்பு மட்டும் காரணமல்ல. மருந்து இல்லாத நிலையிலும் மகளை நிலைநிறுத்தி வைத்திருந்தது பையன் வரும் அந்த மாலை நேரம். பையனைப் பள்ளியோடு பிடித்து வைத்திருந்தது அம்மாச்சி. அம்மாச்சிக்கு உயிரோடு இருக்கக் காரணமாக இருந்தவர்கள் அவர்கள் இருவரும். இவர்களைப் பிரித்தால் மூவருக்கும் இருந்த ஒரே ஆதாரத்தை நாமே எடுத்துவிடுகிறோம். மூவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் வழியைத் தேடுவது என்று முடிவெடுத்தோம்.

போலீஸ் வழியும் குழந்தைகள் நலக் குழுவும்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலைந்து திரியும் மனநோயாளியைப் போலீஸார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். ஆளில்லாமல் தெருவில் கிடப்பவர்களுக்கு இது உயிர் காக்கும் பிரிவு. இங்கே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னோம். மகளுக்குப் பக்கத்தில் தாய் இருந்தார்; உடனடி ஆபத்து தெரியவில்லை; யூனிபார்ம் போட்டவர்கள் தொட்டுத் தூக்கினால் அடுத்த முறை எங்களிடமும் பேசமாட்டார். உள்ளூர்க் காவல் நிலையத்தின் பெண் காவலர் ஒருவர் இதைப் புரிந்துகொண்டு, ராத்திரி ரோந்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு முறை வந்துபோனார். அம்மாச்சி அந்த நாட்களில்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

பையன் விஷயம் கஷ்டமாக இருந்தது. வீடில்லாத குழந்தை சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. மறைத்து வைக்க எங்களுக்கு உரிமையில்லை, மறைக்கவும் நினைக்கவில்லை. ஆனால் வேறு யாரோ புகார் கொடுத்துத் தெரிவதற்கும், ஒரு திட்டத்தோடு நாமே போய்ச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நாங்களே எழுதிக் கொடுத்தோம். இப்படிப்பட்ட குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு அம்மாச்சியும் பையனும் நேரில் போனார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நிறுவனப் பராமரிப்பைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, வீடு பார்க்க அவகாசம் கேட்டோம். குழுவினர் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பையன் இனி ஒரு ராத்திரிகூடப் பஸ் ஸ்டாண்டில் இருக்கக் கூடாது. நியாயமான நிபந்தனை. வீடு கிடைக்கும்வரை மூவரையும் ஒரு சத்திரத்து அறையில் தங்கவைக்கக் குழுவின் ஒப்புதலோடு ஏற்பாடு செய்தோம்.

வீடா, வார்டா

மருத்துவமனை மனநல மருத்துவரும் எங்கள் குழுவில் சிலரும் முதலில் சேர்க்கை, தெளிந்தபின் வீடு என்றார்கள். வழக்கமான வரிசை அதுதான். நோய் முற்றிய நிலையில் வாடகை வீட்டில் வைத்தால் ஒரு வாரத்தில் மறுபடி காலி செய்யச் சொல்வார்கள், அப்போது இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்ற அவர்களுடைய கவலையை ஒதுக்கிவிட முடியாது.

எதிர்ப்பக்கக் காரணங்கள் எனக்குக் கனமாகத் தெரிந்தன. அரசு மருத்துவமனை வார்டில் கூட ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அம்மாச்சி வார்டில் இருந்தால் பையன் எங்கே? உடனே குழந்தைகள் இல்லம் என்றாகும். அடுத்து, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் போக இடமில்லாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்: பழைய இடத்துக்கு, ஒரு மாத மாத்திரையோடு. குடும்பமோ வீடோ இல்லை என்ற ஒரே காரணத்தால் யாரையும் மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வரிக்கு அர்த்தம் வர வெளியே ஒரு முகவரி வேண்டும்.

சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டால்தான் வீடு என்று நிபந்தனை போடாமல் முதலில் வீட்டைக் கொடுப்பது, 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முறை. நம் ஊரில் இதற்கு நெருக்கமான அனுபவம் தி பான்யன் அமைப்புடையது. 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கியது. வருஷக்கணக்கில் மருத்துவமனைகளில் தங்கிவிட்டவர்களைச் சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில், உதவிப் பணியாளரோடு நாலைந்து பேராகக் குடிவைக்கும் 'ஹோம் அகைன்' திட்டத்தைப் பிறகு அவர்கள் கொண்டுவந்தார்கள். எங்கள் நிலைமை வேறு. சேர்ந்து வாழ வேண்டியவர்கள் ஏற்கெனவே குடும்பமாக இருந்தார்கள்; இல்லாதது வீடு மட்டும். சரி, வீட்டை முதலில் பார்ப்போம், மருந்தை ஓபியிலிருந்தே தொடங்குவோம், தேவைப்பட்டால் சேர்ப்போம் என்று மருத்துவரும் ஒத்துக்கொண்டார்.

வீடு தேடியது

ஐப்பசி அடைமழையில் வீடு தேடினோம். நோயை வீட்டுக்காரரிடம் சொல்வதா மறைப்பதா என்பதில் அம்மாச்சிக்குப் பயம். "சொன்னா யாரு குடுப்பா?" சொல்லாமல் குடியேறிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியேற்றப்பட்டதை அவருக்கு நினைவுபடுத்தினோம். நோயின் பெயரைச் சொல்லவில்லை. அது மகளுடைய அந்தரங்கம். மகளும் அம்மாச்சியும் சம்மதித்த அளவுக்கு இதைச் சொன்னோம்: இந்தப் பெண் சிகிச்சையில் இருப்பவர், சில ராத்திரி சத்தம் வரலாம், நாங்கள் வாரா வாரம் வருவோம், எந்த நேரமும் இந்த நம்பருக்குக் கூப்பிடலாம், வாடகைக்கு நாங்கள் பொறுப்பு.

பலர் மறுத்தார்கள். சிலர் மரியாதையாக, சிலர் வாசலிலேயே. கடைசியில் இட்லிக் கடை நடத்தும் ஒரு அக்கா சரி என்றார். தன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீடு, திண்ணை, தனிக் கழிப்பறை, கொல்லையில் அடிபம்பு. வாடகை 2,500 ரூபாய், அட்வான்ஸ் 15,000. ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்கவில்லை. பின்னால் அவராகவே சொன்னார், தன் அத்தையை இப்படித்தான் ஒரு அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள் என்று.

ஒப்பந்தம் யார் பெயரில் என்பது முக்கியமான முடிவு. எங்கள் அமைப்பின் பெயரில் போட்டால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் அப்போது இவர்கள் எங்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். எங்களுக்கு நிதி நின்றால் அவர்களுக்கு வீடு போகும். அம்மாச்சி பெயரில் 11 மாத ஒப்பந்தம் போட்டு, வாடகைக்கு உத்தரவாதமாக நாங்கள் தனியாக ஒரு கடிதம் கொடுத்தோம். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் முகவரி மாற்ற அந்த ஒப்பந்தமே உதவியது.

முதல் வாரங்கள், நெருக்கடி, சேர்க்கை

மகள் வீட்டுக்குள் தூங்க மறுத்தார். கதவைச் சாத்தினால் எழுந்து கத்தினார். திண்ணையில் உட்கார்ந்தே விடிய வைத்தார். நாங்கள் வற்புறுத்தவில்லை. கதவு திறந்தே இருக்கட்டும், நிலைப்படியை ஒட்டி அம்மாச்சி படுத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தோம். மாத்திரையை அம்மாச்சி கையால் கொடுத்தால் வாங்குவார், நாங்கள் கொடுத்தால் வாங்கமாட்டார். மெதுவாகத் திண்ணையிலிருந்து நடைக்கு, நடையிலிருந்து உள் அறைக்கு வந்தார்.

கார்த்திகையில் நிலைமை மாறியது. மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தார், சாப்பாட்டையும் நிறுத்தினார். தூக்கமே இல்லாமல் சில நாள் போன பிறகு ஒரு ராத்திரி மழையில் வெளியே போய்விட்டார். இட்லிக் கடை அக்கா எங்களைக் கூப்பிட்டார். அவருடைய தம்பியும் அந்தப் பெண் காவலரும் ரயில்வே கேட் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். பயத்தில் மகள் தள்ளியதில் அம்மாச்சிக்குக் கையில் அடி.

சேர்க்கை தேவைப்பட்ட நேரம் அதுதான். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆவது பிரிவில், தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்கும் 'ஆதரவுடன் கூடிய சேர்க்கை'க்கு, அவர் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவர் ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள். பெண் என்றால், நோயாளிகளின் உரிமைகளைக் கவனிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 3 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பிரதிநிதியாக அம்மாச்சி கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்லி, கேட்டபிறகு வைத்தார்.

அம்மாச்சி வார்டில் இருந்த அந்த மூன்று வாரமும் பையன் இட்லிக் கடை அக்கா வீட்டில் இருந்தான். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகே இந்த ஏற்பாடு. பள்ளி மாறவில்லை, தெருவும் மாறவில்லை. நாங்கள் வாடகையை நிறுத்தவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு ஏன் வாடகை என்று எங்கள் கணக்காளர் கேட்டார். திரும்பி வர வீடு இருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று பதில் எழுதினோம். வார்டில் மகள் தினமும் கேட்டது "வீட்டுல பூட்டு யார்கிட்ட இருக்கு?" என்றுதான். சாவியை அவர் கையிலேயே கொடுத்தோம். டிஸ்சார்ஜ் வரை இடுப்பில் முடிந்து வைத்திருந்தார்.

மாத்திரையைத் துப்புவது தொடர்ந்ததால் மாதம் ஒரு முறை போட்டால் போதுமான, நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிக்கு மருத்துவர் மாற்றினார். அதை மகளிடமே பேசி, எதற்கு என்று சொல்லி, அவர் ஒத்துக்கொண்டபின் தொடங்கினார். கை விறைப்பு, நடுக்கம் போன்ற பக்கவிளைவுகள் வந்தன; அளவைக் குறைத்துச் சரிசெய்தார்கள். மகளுக்கு 'ஊசி ஒத்துவருது' என்று சொல்ல இரண்டு மாதம் ஆனது.

காகிதங்கள்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் எங்கள் நேரத்தில் பாதி இதற்குத்தான் போனது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் இயலாமை என்று சான்று கிடைத்தால் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் வழி பிறக்கும். அரசு மருத்துவமனை முகாமில் சான்று கிடைத்தது. உதவித்தொகை 1,500 ரூபாய் வர மாதங்கள் ஆயின. அம்மாச்சிக்கு விதவை உதவித்தொகை 1,200 ரூபாய் தாலுகா அலுவலகம் மூலம் வந்தது. பையனுக்கு, குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய். கைவிடப்பட்ட தாயின் குழந்தைக்கு இது உண்டு. கிராமப்புறமானால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயையும், நகர்ப்புறமானால் 96,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. தெருவில் இருந்தபோதும் இவர்களுக்கு இந்த மூன்றுக்கும் தகுதி இருந்தது. முகவரி இல்லாததால் மூன்றில் ஒன்றுகூட வாங்க முடியவில்லை.

சொந்த வீட்டுக்கு வழி கிடைக்கவில்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு உதவுகிறது, ஆனால் கிராமப்புறத்துக்கானது, சொந்த இடமும் வேண்டும். மண்ணே கோயிலுடையதாக இருக்கும் ஊரில் ஏழைக்குச் சொந்த இடம் எங்கிருந்து வரும்? வீட்டுத் திட்டங்கள் எல்லாம் நிலம் இருப்பவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. டெல்டாவில் அடிமனைக் குடும்பங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. இது என் அழுத்தமான கருத்து. பழைய அடிமனை வீட்டை அறநிலையத் துறை அனுமதியில்லாமல் கைமாற்றியது பற்றி, அந்த ரசீதுகளை இணைத்து மனு கொடுத்திருக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்குப் பின்

மகளுக்குக் குரல்கள் முழுதாகப் போகவில்லை. "பேசுது, ஆனா தூரத்துல பேசுது" என்கிறார். காலையில் இட்லிக் கடையில் இலை நறுக்கி, சட்னிக்குத் தேங்காய் துருவித் தருகிறார். அக்கா நாள் கணக்கில் கூலி கொடுக்கிறார். சிரமமான நாளில் போகவில்லை என்றால் யாரும் கேட்பதில்லை. காலையில் பையனைக் கிளப்புவது, நோட்டைப் பார்ப்பது எல்லாம் அவர்தான். அம்மாச்சிக்குக் கண்புரை அறுவைசிகிச்சை முடிந்தது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது.

ஒரு முறை நோய் திரும்பத் தலைகாட்டியது. 2024 நவம்பர் கடைசியில் டெல்டாவில் சம்பாப் பயிர் மூழ்கிய அந்த மழையில் பஸ் ஓடவில்லை, ஊசி தேதி தள்ளிப்போனது. தூக்கம் குறைந்ததை முதலில் கவனித்துச் சொன்னது பையன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழு வரும் நாளில் ஊசியை அங்கேயே போட ஏற்பாடு மாற்றப்பட்டது. இந்தத் திட்டம் 1996-ல் நாட்டிலேயே முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. ஆனாலும் பக்கத்துத் தாலுகாக்காரர்கள் பலருக்கு மருந்து உள்ளூரிலேயே கிடைக்கும் என்று தெரிவதில்லை. சேர்க்கை தேவைப்படாமல் அந்த முறை தெளிந்தார்.

வாடகையை முதல் வருஷம் முழுவதும் நாங்கள் கொடுத்தோம். இரண்டாம் வருஷம் பாதி. இப்போது குடும்பமே கொடுக்கிறது. மூன்று உதவித்தொகையும் சேர்த்து மாதம் 6,700 ரூபாய், அதோடு கடைக் கூலி. வாடகை, கரண்ட், பஸ் போக மிச்சம் குறைவுதான். மிஷன் வாத்சல்யா தொகை நின்றால் இந்தக் கணக்கு உடையும். அதனால் உத்தரவாதக் கடிதத்தை நாங்கள் திரும்பப் பெறவில்லை.

இனி மாற்றிச் செய்வது

நெருக்கடியில் வீடு தேடுவது மிகக் கடினம். வாடகைக்கு விடச் சம்மதிக்கும் வீட்டுக்காரர்களின் பட்டியலை இப்போது முன்கூட்டியே வைத்திருக்கிறோம். அவர்களுக்கு வருஷத்தில் சில முறை நோய் பற்றிப் பேசிக் காட்டுகிறோம். அட்வான்ஸுக்கென்று தனி நிதி ஒதுக்கியிருக்கிறோம். குடியேறும் நாளிலிருந்தே வீட்டுக்காரரையும் எங்கள் வாராந்திரச் சந்திப்பில் சேர்க்கிறோம். இட்லிக் கடை அக்கா இல்லையென்றால் கார்த்திகை ராத்திரி எப்படி முடிந்திருக்கும் என்று நினைக்கவே கலக்கமாக இருக்கிறது.

வார்டில் துணைக்கு இருக்கச் சம்பளத்துக்கு ஒரு பெண் பணியாளரை நியமித்திருக்கிறோம். ஒரே ஒரு முதியவரை நம்பி நிற்கும் குடும்பத்தில் அவரையே வார்டுக்கும் அனுப்பினால் மற்றதெல்லாம் சரிந்துவிடும்.

அம்மாச்சிக்குப் பிறகு என்ன என்பதுதான் பெரிய கேள்வி. அவராகவே எழுப்பினார்: "நான் போயிட்டா இந்த வீடு எம்மவளுக்கு இருக்குமா?" ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது மகளின் பெயரையும் வாடகைதாரராகச் சேர்த்தோம். மனநோய் இருப்பதால் ஒப்பந்தம் செல்லாது என்று ஒருவர் சொன்னார். தெளிவாக இருக்கும் நேரத்தில் புரிந்து கையெழுத்திட அவருக்கு முழு உரிமை உண்டு. மருத்துவர் அதைச் சான்றாகவே எழுதிக் கொடுத்தார்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, மறுபடி முடியாமல் போனால் தன்னை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் முன்கூட்டிய அறிவுறுத்தலும் மகள் எழுதியிருக்கிறார். அதில் இருப்பது இது: எனக்கு மறுபடி முடியாமல் போனால் ஊசிக்குச் சம்மதம், மாத்திரையைக் கூட்ட வேண்டாம், கை நடுங்குகிறது. படுக்கும் அறைக் கதவைச் சாத்த வேண்டாம். அம்மாவால் முடியாவிட்டால் என் பிரதிநிதி இட்லிக் கடை அக்கா. என் பையன் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துகளோடு அது வாரியத்தில் பதிவுக்குப் போயிருக்கிறது. அடிமனை மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை; தை மாதம் மறுபடி நேரில் போகிறோம்.